ராகுகாலத்தில் ஒரு பென்டிரைவ்

தப்பு என்னுடையது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. அதுவரை மாமியாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரஸ்வதி பூஜை புதன்கிழமை வந்தது. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம், அதற்குள் புத்தகங்களைப் பூஜையில் வைத்துவிட வேண்டும் என்று மாமியார் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக ஆராய்ச்சி செய்கிற எனக்குப் புத்தகம் என்றால் லேப்டாப்தான். அதுவோ அந்த நேரம் பார்த்து அப்டேட் ஆகிக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று திரையிலேயே போட்டிருந்தது. "மணி பன்னெண்டு ஆகப்போகு, ட்டி!" என்று அடுக்களையிலிருந்து சத்தம். எரிச்சலில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். சந்தனம், குங்குமம் வைத்து, அவல் பொரி படைத்துக் கும்பிட்டோம்.

மறுநாள் காலை மறுபூஜை முடித்து எடுத்தால் வெறும் கறுப்புத் திரை. பத்துத் தடவை அணைத்துப் போட்டேன். அதே கறுப்பு. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைத் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கக் கடைசி நாள். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று; இனிமேல் பதிவே ரத்து. குருவிகுளம் பக்கம் மானாவாரிக் காடுகளில் வெயிலில் அலைந்து எழுதிய ஏழு அத்தியாயமும் அதற்குள்தான் இருந்தன. மெயிலில் ஒரு பிரதி போட்டு வை என்று என் வழிகாட்டி தலைபாடாகச் சொன்னார். நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்துவிட்டேன்.

"உங்க ராகுகாலத்துல இடி விழ!" என்று மாமியாரிடம் கத்தினேன். அவர் தட்டில் எடுத்த இட்லியை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனார்.

தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியிடம் ஓடினேன். "சிஸ்டம் படுத்தாலும் டிஸ்க் சாவாதும்மா. பென்டிரைவ்ல லினக்ஸ்னு வேற சிஸ்டம் ஏத்தித் தாரேன். அதச் சொருகித் தொறந்தா உள்ள இருக்கத எடுத்துரலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவருடைய கணினி மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தது. "பத்தரைக்குத்தான் மறுபூஜ. அதுக்கு முன்ன தொட மாட்டேன்." கெஞ்சினேன், சண்டை போட்டேன். மனிதர் அசையவில்லை.

பத்தரைக்குத் தேங்காய் உடைத்த பிறகு லினக்ஸை டவுன்லோடு செய்யப் போட்டார். நெட் ஊர்ந்தது. ஒரு மணிக்குத்தான் என் பென்டிரைவைக் கேட்டார்.

"இதுல உள்ளதெல்லாம் அழிஞ்சிரும். முக்கியமா ஏதும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சீக்கிரம் போடுங்க."

திரையில் பச்சைக் கோடு பாதி ஓடிய பிறகுதான் உறைத்தது. சித்திரையில் எடுத்து வைத்த நாலு அத்தியாயம் அதில் இருந்தது. எனக்கென்று மிச்சமிருந்த ஒரே பிரதி. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பது எனக்காகவே சொல்லி வைத்ததுபோல் இருந்தது. இனி லேப்டாப் திறந்தால் உண்டு, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்து பென்டிரைவைச் சொருகி, பட்டனில் விரலை வைத்தேன். சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. ஒன்று நாற்பது. வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரைக்கே பிறந்துவிட்டது. காலையில் அதன்மேல் இடி விழச் சொன்ன நான்தான் விரலை எடுத்தேன். இருக்கிற ஒரே வழியையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம், மூன்று மணி வரை பொறுப்போம் என்று உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அடக்க முடியாமல் அழுதேன்.

மாமியார் வந்து நின்றார். "அமுக்கு, ட்டி."

"ராகுகாலம் அத்த."

"நேத்து நல்ல நேரம் பாத்துத்தான வச்சோம். என்னத்தக் கண்டோம்?"

அமுக்கினேன். வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, பழக்கமில்லாத ஒரு திரை வந்தது. டிஸ்க் தெரிந்தது. திறந்தேன். ஏழும் இருந்தன. செல்போனைக் கேபிளில் மாட்டி நகலெடுக்கக் கொடுத்தேன்.

"இப்பமும் அணைக்கக் கூடாதோ?" என்றார்.

"கூடாது அத்த."

நேராகப் போய் ஸ்விட்ச் போர்டை மறைத்துக்கொண்டு நின்றார். காலையில் மூடிய இட்லி மேசையில் அப்படியே இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டேன்.

"அது முடியட்டும்" என்றார்.