பின்பக்கமாக இறங்கும் செல்வி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மாடிப்படியைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாடியில் குடியிருக்கும் செல்வி, கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கி வருகிறாள்!

"என்னம்மா கூத்து இது?"

"நேரா இறங்குனா முட்டி கழண்டு உழுவற மாதிரி இருக்குதுக்கா. இப்படின்னா கொஞ்சம் தேவல."

செல்விக்கு நாற்பத்திரண்டு வயசு. நாகரசம்பட்டிக்காரி. ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் முழுக்க சிமென்ட் தரையில் நின்றபடி பேக்கிங். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், மூட்டுத் தேய்மானம், எடையைக் குறை, உட்கார்ந்து வேலை பார் என்று சொல்லிவிட்டார். ரொம்ப சுலபம், இல்லையா?

"சூப்பர்வைசர்கிட்ட ஒரு ஸ்டூல் கேளேன்" என்றேன்.

"கேட்டேன்க்கா. 'போன செக்கப்புல நல்லாத்தானே உக்காந்து எந்திரிச்ச... இப்ப என்ன நோவு?'ங்கறாரு."

அதானே? எப்படி எழுந்தாள்? தோண்டித் துருவிக் கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது.

வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப். குத்தவைத்து எழச் சொல்வார்கள். முட்டியைப் பிடித்தால் அன்ஃபிட் — கான்ட்ராக்ட் ஆளுக்கு அதோடு வேலை போச்சு. அதனால் முந்தின நாளே கர்நாடக எல்லை தாண்டி அத்திபெலே போய், வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஓசூரில் போட்டால் கம்பெனி ஆட்கள் கண்ணில் படுமே! இவள் மட்டுமா... பேக்கிங் லைனில் பாதிப் பேர்.

விளைவு? கம்பெனி கணக்கில் யாருக்குமே முட்டிவலி இல்லை. அப்புறம் ஸ்டூல் எதற்கு?

மூட்டுத் தேய்மானம் வயசானவர்கள் சமாச்சாரம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காலையில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு கை கம்பியில், ஒரு கை முட்டியில்.

"இந்த வியாழக்கிழமை செக்கப்புக்கு ஊசியே வேணாம். எல்லாரும் சேர்ந்து வலிக்குதுன்னு சொல்லிடுங்க!" என்று கத்தினேன்.

"மொதல்ல யாருக்கா சொல்றது?" என்றாள் செல்வி. "பையன் பாலிடெக்னிக் முடிச்சிடட்டும்..."

நீங்களே சொல்லுங்கள்... யார் முதலில் சொல்வது?

வியாழக்கிழமை செக்கப் முடிந்தது. மறுநாள் காலை மாடிப்படியிலிருந்து குரல் கேட்டது.

"அக்கா, நான் ஃபிட்டு!"

நிமிர்ந்து பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது.