நான்கு பட்டை கழற்றிய வண்டி

அந்த வருஷம் என் மனைவியின் இடுப்பெலும்பில் கட்டி வந்தது. வேலூரில் ஒரு பெரிய டாக்டர் பார்ப்பதாகச் சொல்லி நாள் குறித்துக் கொடுத்தார். இடையில் ஒன்பது நாள். அவளால் உட்கார முடியாது, படுத்தபடிதான் போகவேண்டும். என்னிடம் வண்டி இருந்தது. வாலாஜாபாத் ஆலைகளிலிருந்து பெரிய காஞ்சிபுரத்துக் கடைகளுக்கு அரிசி மூட்டை ஏற்றும் பழைய பிக்கப். வண்டிக்காரன் பெண்டாட்டிக்கு வண்டிக்கா பஞ்சம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும்.

ஒத்திகை பார்த்தபோது நீண்ட வாய் மூடிக்கொண்டது. வண்டியின் பின்தளம் என் நெஞ்சு உயரம். நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு அவளைத் தூக்கினார்கள். தலைப்பக்கம் ஏறியதும் கால்பக்கம் சரிந்தது. எப்படியோ ஏற்றித் தெருமுனை வரை ஓட்டினேன். பின் அச்சுக்கு மேலே பக்கத்துக்கு ஒன்பது இரும்புப் பட்டைகள் அடுக்கிய வில், இருபது மூட்டையைத் தாங்குவதற்கென்று செய்தது. மெலிந்துபோன ஒரு பொம்பளை அதற்கு ஈ உட்கார்ந்த கணக்கு. சாலையிலிருந்த ஒவ்வொரு கல்லையும் அது அப்படியே அவள் இடுப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவள் கத்தவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

மெக்கானிக் என் கூட்டாளி. பக்கத்துக்கு நான்கு பட்டையைக் கழற்றி, மிச்சத்தின் வளைவையும் தட்டிக் குறைத்தால் தளமும் இறங்கும், ஆட்டமும் மெத்தென்று இருக்கும் என்றான். அப்புறம் மூட்டை ஏற்ற முடியாது என்றும் சொன்னான். கழற்று என்றேன். இரண்டு நாள் வேலை. வண்டி பின்பக்கம் தாழ்ந்து, பந்தியில் சம்மணம் போட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவள் படுக்கவேண்டிய இடத்தில் நானே படுத்தேன். கூட்டாளி ஓட்டினான். இருபது மைல் வேகம் வரை சொர்க்கம். இருபத்தைந்தைத் தாண்டியதும் அடியில் யாரோ பறை அடிக்க ஆரம்பித்தார்கள். தளம் அதிர்ந்தது, என் பல் அதிர்ந்தது, பின் அச்சு கழன்று ஓடிவிட்டது என்றே முடிவு கட்டினேன். வரதரிடம் மொட்டை நேர்ந்துகொண்டேன். என் தலையில் எடுக்க எதுவும் இல்லாததால் காமாட்சியிடம் வேறு ஏதாவது தருவதாக மாற்றினேன். கூட்டாளி நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது, கண்ணை இறுக மூடிப் பலகையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன். வண்டி நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

அவன் கீழே புகுந்து, இன்ஜினிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தான்.

"கியர்பாக்ஸ் அந்தாண்ட எவ்ளோ குனியுதோ, அச்சு மூக்கு இந்தாண்ட அவ்ளோதான் நிமிரணும்பா. ரெண்டும் சமமா இருந்தா நடுவுல ஷாஃப்ட்டு சும்மா சுத்தும். நாம எறக்குனதுல மூக்கு வானத்த பாத்துக்கினு இருக்குது."

மூக்கு என்றது, தண்டு வந்து சேரும் அச்சின் முனையை. பரிகாரம் எளிது என்றான். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் சரிவான இரும்பு ஆப்பு வைத்து மூக்கை இறக்கவேண்டும். லேத்தில் இரண்டு ஆப்பு கடைந்து வாங்கினேன். கூட்டாளிக்கு மறுநாள் வேறு வேலை. எனக்குப் பொறுக்குமா? இன்னும் நான்கு நாள்தான். அடுத்த வீட்டு நெசவாளியைத் துணைக்குக் கூப்பிட்டேன். ஆப்பு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. தறிக்கால் கொஞ்சம் ஆடினாலும் நெய்கிற குழியில் உட்கார்ந்தபடியே ஒரு ஆப்பைச் செருகித் தட்டி நிறுத்திவிடுவார். தறிக்குழியில் எப்போதும் தடித்த முனை தட்டுகிறவர் பக்கம்தான் இருக்கும். நாங்கள் வண்டிக்குப் பின்னாலிருந்து நுழைந்தோம். அதனால் தடித்த முனை பின்பக்கம் நின்றது. முன்பக்கம் நின்றிருக்கவேண்டும். இறங்கவேண்டிய மூக்கு இன்னும் ஏறிவிட்டது. ஓட்டிப் பார்த்தபோது பதினைந்து மைலிலேயே பறைமேளம். நடுத்தெருவில் இறங்கி, நான் கொன்றுவிடுவேன், அவளை நானே கொன்றுவிடுவேன் என்று புலம்பினேனாம். எனக்கு நினைவில்லை. நெசவாளி சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்ததை அவர் சொல்லவில்லை; அது எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் கூட்டாளி வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், ஆப்புகளைத் திருப்பிப் போட்டான். நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, பாகைமானியை வைத்து இரண்டு முனையையும் அளந்தான். செம்பு நிறையத் தண்ணீரைத் தளத்தில் வைத்து முப்பத்தைந்து மைலில் ஓட்டினோம். தண்ணீர் தளும்பவில்லை.

குறித்த நாள் விடியலில் அவளை ஏற்றினோம். கட்டில் சரியவே இல்லை. ஆனால் தெருவில் பாவு நீட்டிவிட்டார்கள். விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளிப்பார்கள். அது உலர்ந்து சுருட்டும்வரை அங்கே எந்த வண்டியும் போகாது. ஒன்பது நாளும் வண்டியை யோசித்தவன் தெருவை யோசிக்கவில்லை. நெசவாளி போய் என்ன சொன்னாரோ, பத்துப் பன்னிரண்டு பேர் பாவின் இரண்டு பக்கமும் நின்று, ஓர் இழை அறாமல் கழிகளில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். கூட்டாளி ஓட்ட, வண்டி நத்தையாய் அதன் அடியில் நகர்ந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் முகத்துக்கு மேலே அரக்குச் சிவப்பு போய்க்கொண்டே இருந்தது.

"எத்தினி பொடவை இருக்கும்யா இதுல?" என்றாள்.

மூன்று என்றேன்.

"கல்யாணத்துக்கு ஒண்ணோட நிறுத்திட்ட" என்றாள்.

திருப்புட்குழி தாண்டி வண்டி வேகம் எடுத்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கிப்போனாள். இரண்டு மாதமாக அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கட்டியை வெட்டிப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர், தோளில் கைவைத்துத்தான் சொன்னார். நான் வெளியே வந்து, மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று அவளிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

திரும்பும்போது கூட்டாளி முப்பதில் ஓட்டினான். கொஞ்ச தூரம் போனதும் அவள் என் கையைத் தொட்டாள்.

"இன்னாய்யா அவசரம் இப்ப. மெதுவா போவச் சொல்லு."

முன்கூண்டைத் தட்டினேன். வேகம் பத்துக்கு வந்தது. அப்புறம் அதற்கும் கீழே. பின்னால் வந்த ஒற்றை மாட்டு வண்டி எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது. வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாபா, எண்ணெய் தீந்துபோச்சா? வேணும்னா மாட்ட அவுத்து உன் வண்டில பூட்டிக்கோ" என்றார்.

"பூட்டலாம். ஆனா உன் மாட்டுக்கு கியர் போடத் தெரியாதே" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு இடுப்பில் போய்ப் பிடித்து, அம்மா என்று முனகி என் மணிக்கட்டை நகம் பதியப் பற்றிக்கொண்டாள். போகவர எண்பது மைலில் அவளுக்கு வலித்தது அந்த ஒரு தடவைதான். மன்னிச்சுக்கோ என்றேன். கண்ணில் தண்ணீரோடு, இன்னும் ஏதாவது சொல்லச் சொன்னாள்.