எந்தக் கை?

பள்ளிச் சீருடை தைத்தே காலம் தள்ளிய தையல்காரி அக்கா, ஒரு நல்ல சட்டையைக் கத்தரியால் அறுத்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலை அது.

பக்கவாதம் அவருடைய வலது கையை எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவைத்திருந்தது. மாற்றிச் செய்திருந்தால் வீட்டில் கொஞ்சம் நிம்மதி இருந்திருக்கும் என்று அக்கா சொல்வாள், அவர் காதில் விழும்படியாகவே. அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். விறைப்பாகத் தேய்த்த சட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். அன்று மரத்துப்போன கையைச் சட்டைக்குள் நுழைக்க இருவரும் பட்ட பாட்டில், மனிதர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா சட்டையை வாங்கிக்கொண்டு போய், வலது தோளைக் காலரிலிருந்து கைநுனி வரை நீளமாக அறுத்தாள். ஓரங்களை மடித்துத் தைத்து, அழுத்தினால் மூடிக்கொள்ளும் பட்டன்களை வரிசையாக வைத்தாள். கையைத் தூக்கவே வேண்டாம். துணியைத் தோளில் போர்த்தி, இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தால் போதும். சில நாளில் அவர் தானாகவே போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றார். "காலர் லேசா கோணல்," என்றார். அவர் வாயிலிருந்து வரும் பாராட்டு அவ்வளவுதான்.

கைப்பயிற்சி கொடுக்க வந்த பெண் அந்தச் சட்டையைப் பார்த்தாள். அவள் இன்னொரு நோயாளியின் மனைவியிடம் சொன்னாள், அந்த மனைவி தன் நாத்தனாரிடம் சொன்னாள். இப்படி வாய்ச்சொல்லாகவே வேலை வந்தது. வருகிறவரை அக்கா நாற்காலியில் உட்காரவைத்துத் தோளைத் தொட்டுப் பார்ப்பாள், தைத்துக் கொடுப்பாள். ஒரு சட்டையும் திரும்பி வந்ததில்லை.

இணையத்தில் கடை திறக்கலாம் என்றவள் மருமகள். கம்பெனிகளுக்கு இணைய விளம்பரம் செய்து கொடுப்பது அவள் உத்தியோகம். 'சிறப்புத் தேவைக்கான ஆடைகள்' என்று முதலில் பக்கம் போட்டாள். ஈ எறும்பு எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம், மக்கள் உண்மையில் என்ன எழுதித் தேடுகிறார்கள் என்று பார்த்து மாமியாருக்கு வாசித்துக் காட்டினாள். 'அப்பா கை வராது சட்டை.' 'கை தூக்க முடியாதவருக்கு எப்படிச் சட்டை போடுவது.' 'சட்டை போடும்போது அம்மா அழுகிறார்.' அக்கா மெஷினை நிறுத்திவிட்டாள்.

"இதையே பக்கத்துல போடும்மா. அவங்க பேசற மாதிரியே."

போட்டார்கள். தேடுகிறவர்கள் வந்தார்கள். அக்கா, கணவர் சட்டைக்கு வெட்டிச் சுவரில் தொங்கவிட்டிருந்த மாதிரித் தாளை வைத்து வெட்டி, வந்த அளவுக்குக் கூட்டியும் குறைத்தும் அனுப்பினாள். முன்னறையை ஒழித்து இன்னும் இரண்டு மெஷின் போட்டு, பக்கத்துத் தெருப் பெண்கள் இருவரை வேலைக்கு வைத்தாள். இருவருக்கும் அது முதல் சம்பளம்.

அப்போது வந்தது ஒற்றை நட்சத்திரம். ஒரு மகள் எழுதியிருந்தாள்: "குடும்ப நிகழ்ச்சியில் அத்தனை பேர் முன்னால் சட்டை தோளோடு பிரிந்துவிட்டது. அப்பா அதன் பிறகு வெளியே வர மறுக்கிறார். இவர்களை நம்பாதீர்கள்." கடையின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நின்றது அதுதான். ஆர்டர் படிப்படியாகக் குறைந்து ஒரேயடியாக நின்றது. இப்படியே போனால் மாதக் கடைசியில் அந்த இரண்டு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தையல் அறையில் மெஷின் சத்தம் குறைந்துபோயிற்று.

ஒரு குறையை மூட நாலு நல்ல வார்த்தை வேண்டும் என்று மருமகள் பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் கேட்டாள். எல்லோரும் சட்டையைப் புகழ்ந்தார்கள், ஒருவரும் எழுதவில்லை. ஒரு வயதான அம்மாள் மட்டும் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார். "சட்டை அருமைம்மா. ஆனா எங்க வீட்டுக்காரருக்குத் தானா சட்டை போட முடியலைன்னு நான் ஊருக்கே எழுதணுமா?"

மருமகள் மனசு கேட்காமல் தன் பிறந்த வீட்டில் புலம்பியிருக்கிறாள். அவளுடைய சித்தப்பா, பாசத்தில், ஒரு வார்த்தை கேட்காமல் ஐந்து நட்சத்திரம் குத்தி எழுதிவிட்டார்: "இவர்களிடம் வாங்கிய தலையணை உறை மிகவும் அருமை." கோபத்தில் இருந்த மகள் விடுவாளா? அடியிலேயே பதில் போட்டாள்: "இவர்கள் தலையணை உறை விற்பதே இல்லை."

மருமகள் மாமா என்று அழைக்கும் அக்காவின் கணவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லை," என்றார்.

மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்து, ஆர்டரில் இருந்த எண்ணை வாங்கி அந்த மகளுக்குத் தானே போன் செய்தாள். முதலில் வசவுதான். அக்கா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். தலையணை உறைக்கும் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, எப்படிப் போட்டுவிட்டீர்கள் என்று மெதுவாக விசாரித்தாள். கை உள்ளே போகவே இல்லை, இழுத்துத்தான் போட்டோம் என்றாள் மகள். இழுப்பானேன், தோள்தான் திறக்குமே என்றாள் அக்கா. திறந்தது அந்தத் தோள் இல்லையே என்று பதில் வந்தது.

அக்கா சுவரில் தொங்கிய மாதிரித் தாளைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு எந்தக் கைம்மா?"

"இடது."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். நேரில் வருகிறவர்களிடம் அவள் அதைக் கேட்டதே இல்லை. கண் பார்த்துவிடும், கத்தரி அந்தப் பக்கம் போய்விடும். கேட்க வேண்டிய ஒன்று என்றே தோன்றியதில்லை. இணையத்தில் வந்தவர்களுக்குப் போன சட்டை ஒவ்வொன்றுக்கும் வலது தோள்தான் திறந்தது.

மாமா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என் தோளைப் போய் ஊர் முழுக்க அனுப்பி வச்சிருக்கியே," என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குறைக்கு அடியில் அக்கா சொல்லச் சொல்ல மருமகள் எழுதினாள்: தவறு எங்களுடையது, எந்தக் கை என்று நாங்கள் கேட்கவில்லை, உங்கள் அப்பாவுக்கு வேறு சட்டை வருகிறது. எழுதிவிட்டு, அனுப்பாமல் விரலை நிறுத்தினாள். "அத்தை, நம்ம வாயாலயே தப்புன்னு சொல்லிட்டா, தேடி வர்றவங்க கண்ணுல முதல்ல அதுதானே படும்?"

"படட்டும்மா. பட்டா, அவங்க எந்தக் கைன்னு சொல்லிட்டு வாங்குவாங்க."

இணையத்தில் வாங்கிய எல்லோரையும் அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒரு வீட்டில், மறுபக்கத்தை நாங்களே வெட்டி ஊக்கு குத்திக்கொண்டோம், உங்கள் மனசு நோகுமே என்று சொல்லவில்லை என்றார்கள். வசவைக் காட்டிலும் அதுதான் அவளை உறுத்தியது.

இடது தோளுக்குப் புது மாதிரி வெட்ட வேண்டும். ஆள் வேண்டுமே. கணவரை நாற்காலியில் உட்காரவைத்து, நல்ல கையை மரத்த கையாகப் பாவித்து அளவெடுத்தாள். அவரோ காலரைச் சரிசெய்ய அந்தக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"ஒழுங்காத் தொங்கவிடுங்க."

"தொங்கவிடறதுக்கு எனக்கா சொல்லித் தர்றே?"

அக்கா ஊசியை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தாள். வேலைக்கு வந்த பெண்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள்.

சட்டை போயிற்று. பதில் வர நாளாயிற்று. வந்தபோது, ஒற்றை நட்சத்திரம் அப்படியே இருந்தது. அதன் அடியில் இரண்டு வரி கூடியிருந்தது: "அப்பா இன்று தானே போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தார். மேலே நான் எழுதியதை அழிக்கப் போவதில்லை. கடைசி வரை படித்துவிட்டு வாங்குங்கள்."

படித்தார்கள் போலிருக்கிறது. ஆர்டர்கள் மெல்லத் திரும்பின. மாதக் கடைசியில் அந்தப் பெண்கள் இருவரும் வழக்கம்போலவே சம்பளம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆர்டர் பக்கத்தில் மருமகள் இரண்டு கேள்வி சேர்த்திருந்தாள். எந்தக் கை? யார் சொல்லி வந்தீர்கள்? ஒரு சொல் போதும் என்று சின்னக் கட்டம்தான் விட்டிருந்தாள். ஊருக்கு முன்னால் எழுத மறுத்தவர்கள் எல்லோரும் அந்தக் கட்டத்துக்குள் எழுதினார்கள். 'இடது. நன்றாக மாவு பிசையும் கை.' 'வலது. எங்கள் எல்லோருக்கும் எழுதக் கற்றுக் கொடுத்தவர்.' ஊருக்கே எழுதணுமா என்று கேட்ட அந்த வயதான அம்மாளின் பெயர், யார் சொல்லி என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப வந்தது. அக்கா வெட்ட உட்காரும்போது மாமா இவற்றை உரக்க வாசிப்பார்.

ஒரு நாள் அவர் வாசிக்காமல் ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அக்கா எடுத்துப் பார்த்தாள். ஆர்டர்தான், முகவரியும் அவர்கள் வீட்டு முகவரியேதான்.

எந்தக் கை? 'வலது. காலர் நைந்துவிட்டது. வாடிக்கையாளராக வந்தால்தான் இந்தக் கடையில் கவனிக்கிறார்கள்.'

யார் சொல்லி வந்தீர்கள்? 'யாரும் சொல்லவில்லை. ரொம்ப நாளாகக் கூடவே இருக்கிறேன்.'

அக்கா பழைய மாதிரித் தாளை ஆணியிலிருந்து எடுத்தாள். வரிசையில் அவருக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அவர்களுடையதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் துணியை விரித்தாள்.