பிரஸ் விளையாட்டு

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கெலமங்கலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த மாமா, கடையை மூடியபோது இருந்ததிலேயே பழையதை எங்களுக்குக் கொடுத்தார். அடுத்த வாரமே அப்பாவுக்குக் கையில் அடிபட்டது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் அவர் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். "மிஷின்ல அடிபட்டுடுச்சு, ஆறிடும்" என்பதோடு அம்மா முடித்துக்கொண்டாள். வலது கையில் மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டு. அதற்குள் மூன்று விரல்கள்தான் இருந்தன என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அப்பா வீட்டில் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. டிவி போட்டாலும் பார்க்கமாட்டார். ஒரு கையாலேயே ஆடுகிற மாதிரி அவருக்கு ஒரு கேம் செய்து தருவது என்று நானாகவே முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில் மிஸ் எங்களுக்கு பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியை நடத்தியிருந்தார். கம்ப்யூட்டர்கள் உறை போட்டு உட்கார்ந்திருக்க, பாடம் முழுவதும் கரும்பலகையில் நடந்தது. அந்தத் தைரியம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாமாவிடம் கேட்டதற்கு, பென் டிரைவில் மூன்று விதமான பேசிக் கொண்டுவந்து போட்டார். முதலாவது கறுப்புத் திரை. வரிக்கு வரி எண் போட்டு எழுதவேண்டும்; எழுத்துகளைத் தவிர வேறெதுவும் காட்டாது. இரண்டாவது நீலத் திரை. கோடு, கட்டம் வரையும், பீப் என்று கத்தும். மூன்றாவதில் படமும் பதிவு செய்த சத்தமும் சேர்க்கலாம். ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் அது திறப்பதற்குள் அம்மா ஒரு ஈடு இட்லி இறக்கிவிடுவாள்.

"எது நல்லதுன்னு நீயே போட்டுப் பாத்து சொல்லு" என்றார் மாமா.

எந்த பேசிக்கில் எழுதுவது என்பதில்தான் குழப்பம். என்ன கேம் என்பதில் குழப்பமே இல்லை. முந்தைய வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குள் எங்களை விட்டார்கள். பொட்டும் மாலையுமாக நின்ற மிஷினை அப்பா எனக்காக ஒருமுறை ஓட்டிக் காட்டினார். தகட்டை வைத்து பெடலை மிதித்ததும் மேலிருந்து அச்சு இறங்கியது. தரை அதிர்ந்தது. இது எங்கப்பா மிஷின் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தேன். வேலைக்குப் போக முடியாத அப்பாவுக்கு அந்த மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவார்!

முதலில் கறுப்பு. இடமிருந்து வலமாகச் சில கோடுகள் நகரும்; அவைதான் தகடு. நடுவில் வந்ததும் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒரு பாயின்ட். அப்பா இடது கையால் நாலைந்து தட்டு தட்டினார். "நல்லா இருக்குது பாப்பா" என்று எழுந்துவிட்டார். வெறும் எழுத்தாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்தேன்.

பத்து நாள் உட்கார்ந்து நீலத்தில் மாற்றி எழுதினேன். இப்போது தகடு கட்டமாக வந்தது, அச்சு சிவப்பாக இறங்கியது. அப்பா இரண்டு முறை தட்டினார். மூன்றாவது முறை அச்சு இறங்கும்போது விசைப்பலகையிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பீப் சத்தம் பொம்மை மாதிரி இருக்கிறது, அதான் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே மூன்றாவது. கம்ப்யூட்டரில் இருந்த பெயிண்டில் மிஷினை அப்படியே வரைந்தேன், மாலை உட்பட. எங்கள் தெருமுனைப் பட்டறையில் ஒரு பிரஸ் ஓடும். அம்மாவின் போனை எடுத்துப்போய் அதன் சத்தத்தைப் பதிவு செய்து சேர்த்தேன். ஸ்பீக்கரை முழுதாகத் திருகி வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

அவர் ஒருமுறைதான் தட்டினார். டமார் என்று சத்தம் வந்ததும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். மேசையிலிருந்த டம்ளர் உருண்டு விழுந்தது. பக்கத்து வீட்டு கன்னடக்கார ஆன்ட்டி "ஏனாயித்து?" என்று கேட்டபடி ஓடிவந்தார். அம்மா சுவிட்சை அணைத்தாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழவும் வழியில்லாமல் தண்ணீரைத் துடைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அப்பாவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, தகடு வேணாம். மரத்துல இருந்து மாங்கா உழற மாதிரி வெக்க முடியுமா?"

"முடியும். உழுந்தா தொப்புனு சத்தம் வெக்கட்டுமா?"

"சத்தமே வேணாம்."

என் சாதனையை இப்படி அழிக்கச் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே மிஷினை எடுத்துவிட்டு மாமரம் வைத்தேன். மாங்காய் விழ விழ, அம்புக்குறிகளால் கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். அப்பா தினமும் ஆடினார். முதல் நாள் பாதி கீழே விழுந்தது. மாதக் கடைசியில் ஒன்றுகூட விழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அப்பா ஆடிக்கொண்டிருந்தார். "என்னா கண்ணு, எந்த பேசிக் நல்லா இருக்குது?" என்று மாமா கேட்டதும், மூன்றையும் கரைத்துக் குடித்தவளைப் போல நான் பதில் சொன்னேன்.

"மூணாவதுதான் மாமா. ஸ்லோ, ஆனா படம் சூப்பரா வருது. சத்தம் மட்டும் சரியில்ல. அப்பாவே வேணாம்னுட்டாரு."

மாமா என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவின் கட்டைப் பார்த்தார். அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா மச்சான்," என்றார். "சத்தம்தான் கொஞ்சம் சரியில்ல."

பார்த்தீர்களா என்பதுபோல நான் மாமாவைப் பார்த்துச் சிரித்தேன்.