டிரையருக்கு முன்னால் சொன்ன ஜெபம்

தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்துக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் என்னிடம் இயந்திரங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். இயந்திரங்களுக்கு நூல்கள் உண்டு. நூலில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், ராகலைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் டீமேக்கராக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றவன். கொழுந்து தொழிற்சாலைக்குள் வருவது முதல் தூளாகி வெளியேறுவது வரை அனைத்துக்கும் டீமேக்கரே பொறுப்பு. கல்லூரியில் முறையாகக் கற்றவன். ஞாயிறுதோறும் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவன். என் உச்சரிப்பைப் போதகர்மார் பாராட்டியதுண்டு. தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் வருவதை விளங்கிக்கொள்ள இது தேவை.

1. பழைய டிரையர்

என் பணியின் கடைசிக் காலத்தில், தேயிலையைக் காய வைக்கும் எங்கள் டிரையர் திருத்த முடியாதபடி பழுதாயிற்று. புதியது வாங்க நிர்வாகம் இசையவில்லை. கொழுந்தைக் கந்தப்பளைப் பக்கத்துத் தொழிற்சாலைக்கு லொறியில் அனுப்பிவிட்டு எங்களுடையதை மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. மூடினால் உள்ளே வேலை செய்த அத்தனை பேரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும், இல்லையேல் கொழும்புக்கு.

நான் தோட்ட நிர்வாகியான துரையிடம் வாதாடி, பூண்டுலோயாப் பக்கம் மூடப்பட்டிருந்த ஒரு தொழிற்சாலையின் டிரையரை வரவழைத்தேன். "இது சரியாக ஓடும்" என்று உறுதியும் கொடுத்தேன். முதல் தூளைத் துரை தாமே வந்து சுவைத்துப் பார்ப்பார்; அதில் குறை இருந்தால் தொழிற்சாலை மூடப்படும் என்பது முடிவாயிற்று.

டிரையரின் விறகடுப்பிலிருந்து எழும் புகை இரும்புக் குழாய்களுக்கு உள்ளே போகும். அக்குழாய்களைச் சுற்றிவரும் சுத்தமான சூட்டுக் காற்றுதான் தேயிலையைக் காய வைக்கும். குழாயில் கீறல் இருந்தால் புகை அந்தக் காற்றில் கலந்து தூளில் ஏறிவிடும். புகை ஏறிய தூளை ஏலத்தில் எவரும் தொடமாட்டார்கள்.

2. அடுப்பு மூட்டும் முன்

புதிதாக வந்த இயந்திரம் ஓடும் முன் பூசை வைப்பது தோட்டத்து வழக்கம். டிரையருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, டிரையர்காரர் மருதமுத்து தேங்காய் உடைத்தார். அது அழகாக இரு பாதியாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். இத்தகைய வேளைகளில் நான் என் அறை வாசலில் மரியாதையாக நின்றுகொள்வேன். அவர்களும் என்னை அழைப்பதில்லை.

அன்று சரஸ்வதி அழைத்தார். தூள் சலிக்கும் அறையின் மூத்த தொழிலாளி அவர். எவருக்கும் பயந்து பேசுபவரல்லர்.

"ஐயா, நாங்க மாரியம்மாகிட்ட சொல்லிட்டோம். நஸீர் நானாவும் சொல்லிட்டாரு."

குழாய்களை ஒட்டித் தந்த ராகலை வெல்டர்தான் நஸீர். "நான் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் மெஷினத் தொட்ட, சேர்," என்று அவர் டிரையருக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"ஒங்க சாமிகிட்ட நீங்கதானேங்க சொல்லணும்? அவருக்கு இங்க வேற யாரு இருக்கா?"

"மனசுக்குள்ள ஜெபம் பண்ணிட்டேன்," என்றேன்.

"மனசுக்குள்ள சொன்னா மெஷினுக்கு எப்பிடிங்க கேக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். "மெஷினுக்குக் கேக்க வேண்டியதில்ல, சரஸ்வதி. ஆண்டவருக்குக் கேட்டாப் போதும்."

"அவருக்குக் கேட்டிருக்கும்ங்க. எங்களுக்குக் கேக்கலையே?"

தொப்பியைக் கழற்றிக்கொண்டு டிரையருக்கு முன்னால் வந்தேன். அரசாள்வோருக்காகவும் மழைக்காகவும் நோயாளிகளுக்காகவும் எங்கள் ஜெபப் புத்தகத்தில் ஜெபங்கள் உண்டு. டிரையருக்கு இல்லை.

"கர்த்தாவே, இந்த டிரையரை ஆசீர்வதியும்," என்றேன். அதோடு நின்றுவிட்டது. எதிரே எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். மருதமுத்துவின் கையில் தேங்காய் மூடி அப்படியே இருந்தது. அப்போது நான் ஆயத்தம் செய்யாத ஒரு வாக்கியம் வெளியே வந்தது.

"ஆண்டவரே, இது ஓடாவிட்டால் இவர்கள் என்ன ஆவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆமென்."

நான் பலவீனன் என்று ஞாயிறுதோறும் சபையாரோடு சேர்ந்து அறிக்கையிட்டவன்தான் நான். ஆனால் சபையார் ஒருமித்துச் சொல்லும்போது எவர் குரலும் தனியே கேட்பதில்லை. தொழிலாளர் முன்னிலையில் ஓர் உத்தியோகத்தர் தம் பயத்தைச் சொல்வது வேறு விஷயம். மதிப்பு போயிற்று என்றே எண்ணி அறைப் பக்கம் திரும்பினேன்.

"ஐயா," என்றார் மருதமுத்து. "ஐயாவே பயம்னு சொல்லிட்டீங்க. நானும் ஒண்ணு சொல்லிரவாங்க?"

"சொல்லுங்க."

"கடைசி வரிசையில ஒரு குழா. காலையில கரி தட்டுறப்ப சத்தம் சரியில்ல. பூச போடுற நாளுல அபசகுனமா பேசக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேங்க."

"தேங்கா நல்லா ஒடஞ்சா குழாயும் தானா ஒட்டிக்கிருமா?" என்றார் சரஸ்வதி.

ஈரச் சாக்கை அடுப்பில் புகையவிடச் சொல்லி, குழாய்களைச் சுற்றியுள்ள காற்றறைக்குள் நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சத்தில் மெல்லிய நூல்போலப் புகை எழுந்துகொண்டிருந்தது. நஸீர் எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அல்லாஹ்வே! நாளைக்கு விடியக்குள்ள ஒட்டித் தாறன், சேர். இன்டைக்கு ஏலாது."

3. லொறி

மாடியில் வாடப் போட்டிருந்த கொழுந்து மறுநாள் வரை தாங்காது. துரையைத் தொலைபேசியில் அழைத்து, அன்றைய கொழுந்தைக் கந்தப்பளைக்கு அனுப்ப லொறி கேட்டேன்.

"டீமேக்கர், இன்னைக்கு லொறியில போனா நாளைக்கும் போகட்டும்னுதான் மேல சொல்லுவாங்க. தெரியும்தானே?"

"தெரியும், சேர். ஆனா புகை ஏறின தூளை உங்க முன்னால வைக்க மாட்டேன். ஒரு நாள் கொடுங்க. என் பேரை வச்சுத்தான் கேக்கிறேன்."

"சரி. அந்தப் பேருக்காக நாளைக்கு. அதுக்குப் பெறகு கேக்க வேணாம்."

லொறி புறப்பட்டபோது எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

மறுநாள் மீண்டும் சாக்கைப் புகைத்துப் பார்த்தோம். காற்றறை சுத்தமாக இருந்தது. அடுப்பு மூட்டினோம். துரை வந்தார். கோப்பையிலிருந்து உறிஞ்சி, தேயிலை சுவைப்போர் வழக்கப்படி துப்பினார். மறுபடி உறிஞ்சினார். இம்முறை துப்பாமல் விழுங்கிவிட்டார். சலிக்கும் அறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு வேறு அறிவிப்புத் தேவைப்படவில்லை. அந்தத் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது.

பூசையில் நான் கலந்துகொள்ளத் தொடங்கிவிட்டதாக எவரும் எண்ண வேண்டாம். இறுதிவரை என் அறை வாசலில்தான் நின்றேன். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. குழாயை ஒட்டியவர் நஸீர். கீறலைச் சுட்டியவர் மருதமுத்து. அப்படியானால் என் ஜெபத்துக்கு ஆண்டவர் செய்தது என்ன? இன்றும் யோசிக்கிறேன். இயந்திரத்துக்கு ஆசீர்வாதம் கேட்டேன். அவர் என் வாயைத் திறந்தார், அதைக் கேட்டு இன்னொருவர் வாய் திறந்தது. விசுவாசம் என்பது அசையாமல் நிற்பது என்று அதுவரை எண்ணியிருந்தேன். பயத்தை மறைக்காமல் அவரிடம் கொண்டுபோவதும் விசுவாசம்தான் என்பதை, ஆலயத்தில் அல்ல, அடுப்படியில் கற்றேன். இளம் உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: உங்கள் கீழ் வேலை செய்வோர் கேட்கும்படி ஒருமுறையாவது ஜெபியுங்கள்.

சென்ற மாதம் நுவரெலியா பஸ்ஸில் சரஸ்வதியைச் சந்தித்தேன். நான் இறங்கும் வேளையில், முன்னிருக்கையிலிருந்து பஸ் முழுவதும் கேட்கக் கூவினார்.

"ஐயா, இப்பயும் சத்தமாத்தான் ஜெபம் பண்ணுறீங்களா?"

பலரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமாம்," என்றேன் மெதுவாக.

"எனக்குக் கேக்கலீங்க!"

படியில் நின்று தொப்பியைக் கழற்றினேன். "ஆமாம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு இறங்கினேன்.