பிழையான கருத்துகளுக்கு நன்றி

எங்கள் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஊர்தான் பெயர். குண்டசாலை, கெலிஓயா, கலகெதர என்று ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். நான் பிறந்து வளர்ந்தது கண்டி நகரத்தில். ஆனால் அப்பா, அம்மாவின் பேச்சு எனக்கும் ஒட்டியிருந்ததால் என்னை ‘யாழ்ப்பாணம்’ ஆக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு நான் போனது சொந்தக்காரரின் கலியாண வீடுகளுக்கு மட்டும்தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கம்பஸ் எப்போது கூப்பிடும் என்று பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கண்டியில் ஓர் ஆங்கில வகுப்பில் சந்தித்துக்கொண்ட எங்களை இங்கிலீஷ் சேர்த்து வைக்கவில்லை. ஜப்பானிய அனிமே என்கிற கார்ட்டூன் தொடர் ஒன்றுதான் சேர்த்து வைத்தது. வாரம் ஓர் எபிசோட் வரும். யாராவது ஒருவர் இறக்கிக் கொடுக்க, மற்றவர்கள் போனிலே பார்த்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் கருத்து எழுதுவோம். இருபது நிமிடம் ஓடுகிற எபிசோட்டுக்கு ஒரு கிழமை முழுக்கச் சண்டை.

கதை இதுதான். இறந்தவர்கள் ஓர் ஆற்றங்கரையில் அக்கரைக்குப் போகக் காத்திருப்பார்கள். அவர்களை ஏற்றிப் போகிறவள் ஒரு படகோட்டிப் பெண். காத்திருப்பவர்களைத் தின்பதற்குப் புகையால் ஆன மிருகங்கள் வரும். அவள் துடுப்பைச் சுழற்றி அவற்றை அடித்துத் துரத்துவாள். அந்தத் துடுப்பு சுழலும்போது திரையில் தண்ணீர் எழுந்து நிற்கிற அழகை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. படகுத்துறையைக் காவல் காக்க ஒருவன் இருந்தான். எப்போதும் முகமூடி, நீளமான வாள். எல்லோருக்கும் அவன்மேல் உயிர். தொடரின் நடுவில் ஒரு நாள், மிகப் பெரிய புகை மிருகம் வந்து நிற்கிறபோது, அவன் வாளைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றான்.

உலகமே கொதித்தது. இணையத்தில் அந்த எபிசோட்டின் கீழே வந்து விழுந்த கருத்துகளை வாசித்தால், எழுதியவர்களின் சொந்த வீட்டுக்கே அவன் துரோகம் செய்துவிட்டானோ என்று தோன்றும். கோழை என்றார்கள், கதாசிரியருக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். நானும் கோழை என்றுதான் எழுதினேன். அவனுக்காக நின்றவள் குண்டசாலை ஒருத்திதான்.

குண்டசாலை என்றால் என் சிநேகிதி. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. அவளுடைய வாப்பா கொப்பி, பேனை, பள்ளிக்கூடச் சாமான் விற்கிற கடை வைத்திருந்தார். மெலிந்த உருவம், வகுப்பில் மெதுவான குரல். எழுத உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆள். அந்த மிருகத்தின் காலில் ஒரு சிவப்புக் கயிறு இருந்ததை அவள்தான் கண்டுபிடித்தாள். ஏழாவது எபிசோட்டில் காவல்காரனுடைய தம்பி கட்டியிருந்த அதே கயிறு. மிருகமாகிவிட்ட தம்பியை எப்படி வெட்டுவான் என்று கேட்டு எழுதினாள். திரும்பப் போய்ப் பார்த்தோம். கயிறு இருந்தது. அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, அது வேறு கயிறு என்று வாதாடினேன்.

குழுவின் சட்டங்களைப் போட்டவளும் அவள்தான். ‘சூப்பர்’ என்று மட்டும் எழுதினால் அது கருத்து இல்லை, காரணம் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தால் கலகெதர பெரும்பாலும் பேசாமலே இருந்தான். இரண்டாவது சட்டம் இன்னும் கடுமை: உன் கருத்துக்கு ஒருவர் மறுப்புச் சொன்னால், அடுத்த எபிசோட் வருவதற்குள் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. நாங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அப்படித் தோற்றிருக்கிறோம். அவள் தோற்றதேயில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதும் பதில் வந்தது.

பிறகு அந்த மார்ச் மாதம் வந்தது.

முதலில் எங்கோ ஒரு முஸ்லிம் ஆளின் கடையை எரித்ததாகச் சொன்னார்கள். அடுத்ததாகப் பள்ளிவாசல், அதன் பின் வீடுகள். பொலிஸ் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். சமூக வலைத்தளங்களை அரசாங்கம் முடக்கியது, எங்கள் குழுவும் அதோடு மூச்சடங்கியது. எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. அம்மா சமைக்கிற குசினி ஜன்னலால் பார்த்தால் கிழக்குப் பக்கத்து மலைகள் தெரியும். அந்தப் பக்கம்தான் குண்டசாலை. மலைக்கு இந்தப் புறம் புகை நின்றது. படத்தில் பார்த்த புகை மாதிரி அது அசையவில்லை, சுருளவுமில்லை. ஒரே இடத்தில் தடித்து நின்றது.

அப்பாவுக்குக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை. இளந்தாரியாக இருந்தபோது தமிழருக்கு எதிரான ஒரு கலவரத்தில் முன்பின் தெரியாத ஒரு சிங்களக் குடும்பத்தின் சாமான் அறையில் ஒளிந்திருந்தவர். அதற்குப் பின் யுத்தத்தையும் பார்த்தவர். யாரும் சொல்லாமலே வாளிகளில் தண்ணீர் நிரப்பினார், அடையாள அட்டைகளைச் சட்டைப் பையில் வைத்தார். இந்த முறை எங்களைத் தேடி வரமாட்டார்கள் என்று அம்மா சொன்னபோது அவர் வானொலியின் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

நான் குண்டசாலைக்குப் போன் எடுத்தபடியே இருந்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. எஸ்.எம்.எஸ் போய்க்கொண்டிருந்தது. சுகமா, எங்கே இருக்கிறாய், வீட்டில் எல்லோரும் எப்படி, ஒரு சொல் எழுது என்று விதம்விதமாக அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அவள் வீட்டுப் பக்கம் எந்தக் கடைகள் எரிந்தன என்று அறிய வழியில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும், நான் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்ததும், சோறு காய்ந்ததும் நினைவிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் கெலிஓயா போனில் பேசினான். அவன் ஒரு பார்மசியில் வேலை செய்கிற மலையகத்துப் பையன். எங்களைவிட ஒரு வயது மூத்தவன் என்றாலும் எல்லோரையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவான். குண்டசாலையிடமிருந்து அவனுக்கும் பதில் வரவில்லை. நான் இதுவரை அனுப்பியதையெல்லாம் ஒப்பித்தேன்.

“நல்லா இருக்கீங்களான்னு எத்தனை பேரு அவங்கள கேட்டிருப்பாங்க. நல்லா இல்லாதப்ப அதுக்கு என்னன்னு பதில் சொல்றது?” என்றான். “நீங்க ஒண்ணு செய்ங்க. அவங்ககிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. பிழையா எதாச்சும் சொல்லுங்க. பிழைய மட்டும் அவங்களால விட முடியாது.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இந்த நேரத்திலா படத்தைப் பற்றிப் பேசுவது என்று கேட்டேன். வேறு என்ன வழி இருக்கிறது என்று அவன் கேட்டான்.

நாங்கள் சண்டை பிடித்த அத்தனை சங்கதிகளையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். சாதாரணப் பிழை போதாது. அவளுக்கு நரம்பு புடைக்க வேண்டும். கடைசியில் இதை எழுதினேன்:

“காவல்காரன் கோழைதான். அவன்ர முகம் வடிவா இருக்கெண்டுதான் நீ அவனுக்கு வக்காலத்து வாங்கினனீ. அடுத்த எபிசோட்டுக்கு முதல் பதில் வராட்டி ஒப்புக்கொண்டதாக் கணக்கு.”

அனுப்பிவிட்டுக் குசினி ஜன்னலடியில் நின்றேன். அப்பா கதிரையில் இருந்து பழைய பத்திரிகையைத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு வாகனம்கூட இல்லை. கண்டியில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதேயில்லை. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஆடை படிந்தபோது போன் அதிர்ந்தது.

“மடச்சி. அவன்ட மொகத்த ஒரு எபிசோட்லயும் காட்டல்ல. எந்த மொகத்த பாத்து நான் வக்காலத்து வாங்கின?”

நான் அழுதேனா சிரித்தேனா என்று அம்மாவைக் கேட்டால் அவளுக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. அப்பா எழுந்து வந்தார், என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டார்.

“மடச்சி எண்டு எழுதியிருக்கிறாள் அப்பா.”

அப்பா போனை வாங்கித் தானே வாசித்தார். அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு சொன்னார்: “இன்னொண்டும் பிழையாச் சொல்லு. அவள் எழுதிக்கொண்டே இருக்கட்டும்.”

பொம்மைப் படம் பார்த்துப் பார்த்துப் பிள்ளை பழுதாய்ப் போகிறாள் என்று அம்மாவிடம் முறையிட்ட அதே அப்பாதான்.

அன்றிலிருந்து ஊரடங்கு எடுக்கும் வரை பிழையாகப் பேசுவதே எங்கள் வேலை. படகோட்டியின் துடுப்பு மூங்கில் என்று எழுதினேன். தேக்கு என்று பதில் வந்தது, எந்த எபிசோட்டில் சொல்லப்பட்டது என்ற விவரத்தோடு. புகை மிருகங்களுக்குக் கண் தெரியாது என்று கெலிஓயா எழுதினான். அவனும் வாங்கிக் கட்டிக்கொண்டான். என்னுடைய சரக்கு தீர்ந்தபோது, அந்நிய நாட்டுப் பார்வையாளர்கள் எழுதியிருந்த மடத்தனங்களையெல்லாம் ஞாபகத்திலிருந்து எடுத்து என்னுடையவையாக அனுப்பினேன். காவல்காரன் உண்மையில் பெண் என்று எழுதியவர், ஆறுதான் வில்லன் என்று எழுதியவர், இந்தத் தொடரைத் தன் பூனை விரும்பிப் பார்ப்பதாகவும் ஆகவே அது நல்ல தொடர் என்றும் எழுதியவர். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்த அந்தக் கருத்துகள் இவ்வளவு தூரம் வந்து ஒருத்தியைப் பேசவைத்ததும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்பாவும் சேர்ந்துகொண்டார். அந்தப் பெட்டை ஏன் துடுப்பால் கஷ்டப்படுகிறாள், படகுக்கு ஒரு மோட்டர் பூட்டினால் என்ன என்று கேட்டு அனுப்பச் சொன்னார். “அங்கிளுக்கு முதலாவது எபிசோட்டில் இருந்து காட்டுங்க” என்று பணிவாகப் பதில் வந்தது. காட்டினேன். மூன்றாவது எபிசோட்டில் அவர் வானொலியை முழுவதுமாக நிறுத்திவிட்டார்.

ஆனால் அவள் எங்கே இருந்து எழுதுகிறாள், வீடு என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பதில் வருகிறது, அது போதும் என்று இருந்தோம். போதாது என்பதும் தெரிந்துதான் இருந்தது.

பஸ்கள் ஓடத் தொடங்கியதும் கெலிஓயாவும் நானும் குண்டசாலைக்குப் போனோம். பஸ்ஸில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. வழியில் கறுத்த சுவர்கள். அவளுடைய வீட்டு ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, ஆனால் வீடு நின்றது. கதவைத் திறந்தது அவளுடைய உம்மா. இருக்கச் சொல்லி, என்னை உற்றுப் பார்த்தார்.

“நீங்களா அந்தப் பிழை பிழையா எழுதின புள்ள?”

ஆமென்று தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமோ என்று ஒரு கணம் யோசித்தேன்.

உம்மா நடந்ததைச் சொன்னார். அவர்கள் எல்லோரும் பின்வீட்டுச் சிங்கள டீச்சரின் மேல்மாடி அறையில் இருந்திருக்கிறார்கள். டீச்சர் கீழே விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடம் வீட்டில் தான் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார். மேலே ஜன்னல் இடுக்கால் தெருமுனையில் தங்கள் கடை எரிவதை என் சிநேகிதி பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. தண்ணீர் கொடுத்தாலும் வாங்கவில்லை. போன் மடியில் கிடந்தது, வந்த செய்திகளைப் பார்த்துப் பார்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

“எங்களுக்குப் பயம் புடிச்சிட்டு. புள்ளைக்கு என்னமோ ஆயிட்டுண்டு நெனச்சேன்” என்றார் உம்மா. “மறுகா ஒங்கட மெசேஜ் வந்திச்சி. பாத்துட்டு, ‘மடச்சி’ண்டு சத்தமாச் சொன்னா. நாங்க எல்லாரும் அவட வாயப் பொத்தினோம். அதுக்குப் பொறகுதான் தண்ணி கேட்டா.”

அதைச் சொல்லும்போது உம்மா சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி என்று எதையாவது எனக்குச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொல்ல வேண்டியவள் நான். அந்த டீச்சருக்கு, கெலிஓயாவுக்கு, தோற்கத் தெரியாத இந்தப் பிடிவாதக்காரிக்கு.

அவள் அப்போது வீட்டில் இல்லை. வாப்பாவோடு கடையில் இருந்தாள். நாங்கள் அங்கே போனோம். கூரைத் தகடு சுருண்டு கிடந்தது. கொப்பிக் கட்டுகள் ஓரம் கருகி, நடுவில் மட்டும் வெள்ளையாக மிஞ்சியிருந்தன. அவள் கையுறை போட்டுக்கொண்டு அவற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் நெற்றியைத் துடைக்கப் போய்க் கரியை இழுத்துவிட்டாள். எங்களுக்கும் ஆளுக்கொரு சாக்குத் தந்தாள். வேலை செய்தோம்.

வாப்பா கவிழ்த்து வைத்த வாளி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். கடையைப் பார்த்தபடியே இருந்தார், ஆனால் கடையைப் பார்க்கிற பார்வை அல்ல அது. கடை எரிந்த நாளிலிருந்து வாப்பா கடை வேலைக்காரர் இருவருக்கும்கூட ஒன்றும் சொல்வதில்லை என்று அவள் என் காதோரம் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது.

மத்தியான வெயில் கூரை ஓட்டையால் இறங்கியபோது எல்லோரும் தேத்தண்ணிக்கு இருந்தோம். வாப்பா எங்கள் பக்கம் திரும்பினார்.

“அது என்ன கத மகள்? மேல் மாடியில ஒளிஞ்சி ஈக்கக்குள்ளயும் சண்ட புடிச்சீங்களே.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். ஓர் ஆறு இருக்கிறது என்று தொடங்கினாள். கரையில் ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு பொம்பளைப் பிள்ளை படகோட்டுகிறாள் என்றாள். கெலிஓயா இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் அவன் காலை மிதித்தேன். அவள் பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றைத் துடுப்பாக்கிச் சுழற்றிக் காட்டினாள், சாம்பல் எழும்பி எங்கள் தேத்தண்ணியில் விழுந்தது. வேலைக்காரர் இருவரும் கிட்ட வந்து நின்றார்கள். காவல்காரன் வாளைக் கீழே வைத்த இடம் வந்ததும் அவள் நிறுத்தினாள்.

வாப்பா வாளியை அவளுக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மறுகா?” என்று அடுத்ததைக் கேட்டார்.