மூன்றாம் தண்ணீருக்கு முன்

ஞானம் சிஸ்டர் இறந்துபோய்விட்டார் என்று ஆயா வந்து சொன்னபோது, வார்டில் ஒரு குழந்தையின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்து முடித்துவிட்டுத்தான் அவர் வீடிருக்கும் வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். பாதியில் எழுந்து வந்திருந்தால் சிஸ்டருக்கே பிடித்திருக்காது.

அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு அவர் வாய் தெரியும். "அழுகுற புள்ளைக்குப் பயப்படாதீங்க டாக்டர், அழுகாத புள்ளைக்குப் பயப்படுங்க" என்பார். நாம் எரிந்து விழுந்தால், "காப்பி குடிக்கலையோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

எழுமலையிலிருந்து வந்த செல்வியை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். ஏழு வயது. அம்மை இறங்கிய கையோடு தலைவலி, வாந்தி, கால் துவண்டுவிட்டது. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையின்மேல் திரும்பிவிடுகிற அரிய நோய் அது. மூளை வீங்கி, மண்டைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. "தலைய உள்ளருந்து யாரோ அமுக்குறாக" என்று அவள் சொன்னாள். எனக்கு அது உறைக்கவில்லை. மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கக் கிளம்பினேன்.

"கண்ணுக்குள்ள பாத்துட்டீங்களா டாக்டர்?" என்று சிஸ்டர் கேட்டார். அழுத்தம் இருந்தால் கண்ணின் உள்ளே வீக்கம் தெரியும். அப்போது நீர் எடுக்கக் கூடாது, மூளை கீழே இறங்கி மூச்சை நிறுத்திவிடும். பார்க்கும் விளக்கு பெரிய டாக்டர் அறையில் பூட்டிக் கிடந்தது. சாவி வர ஒரு மணி நேரமாகும். எனக்குப் பொறுமையில்லை. சிஸ்டர் குழந்தையை ஊசிக்கு வாகாக வளைத்துப் பிடித்துக்கொண்டார். நீர் எடுத்துக் கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது.

செல்வியின் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மூணாந் தண்ணி ஊத்தாம படி இறங்கிட்டேன், ஆத்தா கோவிச்சுக்கிட்டா." அம்மை கண்ட பிள்ளைக்கு மூன்று முறை தலைக்கு ஊற்றாமல் வெளியே கொண்டுபோகமாட்டார்கள். பயந்துபோய் இரண்டோடு தூக்கிவந்துவிட்டார். சரியான காரியத்தைச் செய்தவர் அவர் ஒருவர்தான். "அவங்க தப்பில்லன்னு நீங்க போய்ச் சொல்லுங்க டாக்டர்" என்றார் சிஸ்டர். நான் போகவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. அதன்பின் எத்தனையோ வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

வாடிப்பட்டியில் கிடத்தியிருந்த சிஸ்டரின் காலடியில் செல்வியின் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும் தானாகவே பேசினார்.

"என்னாலதான் புள்ள போச்சுன்னு சோறு தண்ணியில்லாம கெடந்தேன் தம்பி. இந்தம்மா வீடு தேடி வந்து, 'உம்மேல தப்பில்ல, ஊசியத் தப்பாக் குத்துனது நாந்தான்'னுச்சு. அம்புட்டு வஞ்சேன். வாயத் தொறக்கல. அப்புறம் மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகும்."

"ஊசி போட்டது நான்தாம்மா" என்றேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். வையவில்லை. எழுந்துபோய்ச் சிஸ்டரின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு வரவேண்டிய வசவையெல்லாம் சிஸ்டர் முன்பே வாங்கிக்கொண்டுவிட்டார். எனக்கென்று மிஞ்சியது அந்தத் தாயின் மௌனம் மட்டும்தான். அதை வைத்திருக்கிறேன்.